தரையில் உங்களுக்கு என்ன வேலை?

முதுகெலும்புத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஓய்வு பெற்ற ஒரு கிழவனைக் கூப்பிட்டுக் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். அனுபவியுங்கள். எந்த ஸ்க்ரூவை எந்தக் கோணத்தில் போடுவது என்று நான் பேசப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. எங்கே கையை எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எந்த மெஷினும் சொல்லாது. அதைப் பற்றித்தான் பேச்சு.

என் ஓ.பி.யில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வயதானவர் ஒருவர் கூனிக்கொண்டு உள்ளே வந்தால், வலி எங்கே என்று கேட்பதற்கு முன்பே நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தரையில் உங்களுக்கு என்ன வேலை?" என் பின்னால் உட்கார்ந்திருக்கும் சின்ன டாக்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெரியவருக்கு மறை கழன்றுவிட்டது என்று காண்டீனில் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்திருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள். நாம் படிக்கிற புத்தகங்களை எழுதியவர்கள் நாற்காலியில் பிறந்து நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள். முதுகு நேராக நின்றால் அவர்களுக்குப் போதும். நம் ஆட்களுக்குப் பாதி வாழ்க்கை தரையில் கிடக்கிறது. அரிவாள்மணை தரையில், மீன்கூடை தரையில், பூக்கட்டுவது தரையில். பேரப்பிள்ளையும் தரையில்தான் தவழ்கிறது.

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சரம்மா இருக்கிறார். முதுகு இரண்டாக மடிந்து, எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தவர். நெஞ்சிலிருந்து இடுப்பெலும்பு வரை கம்பி போட்டு நிமிர்த்தினேன். அவருக்கு அது கட்டாயம் தேவைதான், வேறு வழியே இல்லை. இப்போது போஸ்ட் கம்பம் மாதிரி நிற்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே புகார்தான். "நல்லா நிக்கறேன் டாக்டர், உங்க புண்ணியம். ஆனா சாவி கீழ விழுந்துட்டா, எடுத்துக் குடுக்க தெருவுல போறவனைக் கூப்புட வேண்டியிருக்கு!" சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அதற்குப் பிறகுதான் என் கேள்வி ஆரம்பித்தது.

இனி மெத்தைக்கடை பாய்க்கு வருகிறேன்.

அப்போது நான் வேலை பார்த்தது மாமல்லபுரம் போகிற வழியில், நெம்மேலியைத் தாண்டி, கடலோரச் சாலையில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில். பாய் செங்கல்பட்டு பஜாரில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருந்தார். பெயர் காதர் மொய்தீன். இலவம்பஞ்சு மெத்தை தைப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். மனைவி ஜமீலாவின் தோளில் ஒரு கையும், மறு கையில் ஒரு குடையுமாக உள்ளே வந்தார். குடை மழைக்கு அல்ல, ஊன்றிக்கொள்வதற்கு. முதுகு முன்னால் சாய்ந்து, இடப்பக்கம் வேறு வளைந்து போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"என் கடை போர்டுல இன்னா எழுதிகீது தெரியுமா டாக்டர்? முதுகுவலிக்கு உகந்த மெத்தைன்னு. அதுக்குக் கீழ நான் இப்படிக் குந்திகினு இருந்தா எவன் வாங்குவான்?"

நான் சிரித்துவிட்டேன். ஜமீலா சிரிக்கவில்லை. "நல்லா கேளுங்க டாக்டர். கடைத்தெருவுல நாலு கடை தாண்டறதுக்குள்ள நின்னுட்றாரு. எதுத்தாப்ல யாரு வராங்கன்னு தெரியாம மோதிக்கிறாரு. போன மாசம் மாட்டு மேலயே மோதிட்டாரு."

எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். படம் வந்தது. என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த கார்த்திக், கெட்டிக்காரப் பிள்ளை, கம்ப்யூட்டரில் கோடுகள் போட்டு அளந்துவிட்டு உற்சாகமாகச் சொன்னான். "சார், வளைவு இருக்கு, ஆனா முன்னால சாய்வு கொஞ்சம்தான். ஒரே இடத்துல சின்னதா பண்ணி அனுப்பிடலாம் சார்." படத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் இருந்தவர் ஓரளவுக்கு நேராகவே நின்றிருந்தார்.

என் அறை ஜன்னலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலும் அதை ஒட்டிய டீக்கடையும் தெரியும். தற்செயலாகத் திரும்பினேன். பாய் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார். கேட்டைத் தொடுவதற்குள் காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டார். உடம்பு அப்படியே முன்னால் தொங்கிற்று. முட்டி இரண்டும் மடங்கியிருந்தது. படத்தில் இருந்தவரும் இவரும் ஒரே ஆள் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"கார்த்திக், இங்க வா. அங்க போறது யாரு?"

பார்த்தான். "கடல் காத்து சார். காத்துக்கு எதிர்ல எல்லாருமே கூனிக்கிட்டுதான் நடப்பாங்க."

"அப்போ டீக்கடைக்காரன் ஏன்டா நேரா நிக்கறான்?"

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியவரை உட்காரவிடாமல், அந்தக் களைப்போடேயே மறுபடி எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினேன். இந்தத் தடவை டெக்னீஷியனிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினேன். இரண்டாவது படம் வந்தது. கார்த்திக் முகம் மாறிவிட்டது. தலை இடுப்புக்கு எவ்வளவோ முன்னால் தள்ளி நின்றது.

"முதல் படத்துல அவ்வளவு நல்லா நின்னீங்களே பாய், எப்படி?" என்றேன்.

"பின்ன? அந்த எக்ஸ்ரே தம்பி 'நிமிந்து நில்லு, நிமிந்து நில்லு'ன்னு கூவுன கூவுல செத்தவன்கூட எழுந்து நிப்பான். அதுவும் இல்லாம, எக்ஸ்ரேவா இருந்தாலும் போட்டோ போட்டோதான டாக்டர்? போட்டோல கூனிக்கினு நின்னா அசிங்கமா இருக்காது?"

இதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. நம் ஆட்கள் கேமரா முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். கல்யாண ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். டாக்டர் முன்னால் நோயைக்கூட அடக்கிக்கொண்டு மரியாதையாக நிற்பார்கள். அன்றிலிருந்து, நோயாளியை டீக்கடை வரை நடக்கவிட்டுத்தான் படம் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரருக்கும் வியாபாரம் நன்றாக நடந்தது.

சரி, நோயின் அளவு தெரிந்துவிட்டது. இப்போது சிக்கல் ஆரம்பித்தது. சின்னதாகச் செய்தால் போதாது, கூன் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் சொன்ன கணக்குப்படி செய்தால் டீச்சரம்மாவுக்குச் செய்த மாதிரி நெஞ்சிலிருந்து இடுப்பெலும்பு வரை கம்பி போட வேண்டும். பாயின் பேச்சுக்குச் சிரித்ததில் மறந்துபோயிருந்த என் கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"பாய், தரையில் உங்களுக்கு என்ன வேலை?"

மெத்தை தைப்பது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. குடைக் கைப்பிடியைத் தடவினார். அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர் குரல் இறங்கிவிட்டது.

"ஒரே வேலைதான் டாக்டர். சஜ்தா. நெத்தியத் தரையில வெக்கணும். இந்த வலியில குனிஞ்சா எழுந்துக்க முடியல. பள்ளிவாசல்ல கடைசில நாற்காலி போட்டு உக்காந்து தொழுவுறேன். தப்பில்லன்னு ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. முடியாதவனுக்கு மார்க்கத்துல எடம் கீது. எனக்குத்தான் மனசு ஒத்துக்கல."

ஜமீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வூட்ல யாரும் பாக்காதப்ப முயற்சி பண்ணுவாரு டாக்டர். ரெண்டு தடவை நான் போய்த் தூக்கிவுட்டேன்."

இப்போது உங்களுக்குப் புரியும். பெரிய ஆபரேஷன் செய்தால் அவர் நேராக நிற்பார், ஆனால் சாகும்வரை நாற்காலிதான். சின்னதாகச் செய்தால் குனிய முடியலாம், ஆனால் நிமிர முடியாது. அவர் கேட்டது இரண்டையும். நிற்கும்போது நிற்க வேண்டும், விழும்போது விழ வேண்டும். பேராசை இல்லை. ஆண்டவன் எல்லோருக்கும் சும்மா கொடுத்திருக்கிற சமாச்சாரம்.

நடுவே ஒரு வழி இருந்தது. அப்போது அது எங்களுக்குப் புதிதுதான். முதுகைக் கிழிக்காமல், விலாப்பக்கம் சிறு துளை போட்டு, எலும்புகளுக்கு நடுவே தேய்ந்துபோன தட்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேஜ் என்கிற முட்டுகளை வைப்பது. அதிலேயே முதுகு ஓரளவு நிமிரும். அத்தோடு நிறுத்தி, ஆளை எழுப்பி நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு நிமிர்ந்திருக்கிறார் என்று பார்த்த பிறகுதான், இரண்டாவது ஆபரேஷனில் பின்னாலிருந்து கம்பி எவ்வளவு நீளம் என்று முடிவு செய்வது. நன்றாக நிமிர்ந்தால் குட்டைக் கம்பி போதும், தரை மிஞ்சும். நிமிராவிட்டால் நீளக் கம்பிதான். மூன்று இடத்தில் முட்டு வைப்பதாகத் திட்டம்.

எல்லாவற்றையும் சொன்னேன், கால் நரம்புக்கு இருக்கிற ஆபத்து உட்பட. பொறுமையாகக் கேட்டார்.

"பெருசு வேணும்னா பெருசு பண்ணுங்க டாக்டர், நான் கோச்சிக்க மாட்டேன். ஆனா வேணுங்கறதுக்கு மேல ஒரு ஆணிகூட வேணாம். பிஸ்மில்லாஹ்னு சொல்லி ஆரம்பிங்க."

"அத நீங்க சொல்லுங்க பாய். நான் வெட்டற வேலையப் பாக்கறேன்."

முதல் ஆபரேஷன். முதல் இரண்டு முட்டும் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி போய் உட்கார்ந்தன. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கீழே இருந்தது. அங்கே தொடைக்குப் போகிற நரம்பு தசைக்குள் ஒளிந்துகொண்டு குறுக்கே ஓடும். தசையை விலக்கிப் பிடிக்கிற கருவியை இறக்கி அகட்டினோம். நரம்பு வேலை செய்கிறதா என்று காட்டுகிற திரையில் ஒரு கோடு துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளல் சட்டென்று படுத்துவிட்டது. இடது தொடைக்கான கோடு.

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் திரையைத் திரும்பிப் பார்த்தோம்.

எங்கள் மயக்க மருந்து டாக்டரம்மா, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் மேடம், என்னைவிட மூத்தவர், தலையைத் தூக்காமலேயே சொன்னார். "பிரஷர் சரியா இருக்கு. மருந்து எதையும் நான் மாத்தல. வயர் எல்லாம் பாத்தாச்சு. என் பக்கம் ஒண்ணும் இல்ல."

அப்படியென்றால் தப்பு என் கையில். "ஒரு நிமிஷம் மேடம்," என்றேன்.

"நீங்க சொல்ற ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும் சார். அது கல்யாணத்துல சாப்பாடு போடற ஒரு நிமிஷம். கையை எடுங்க."

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், சுருக்கென்று வந்தது. ஆனால் கையை எடுத்துவிட்டேன். கருவியைத் தளர்த்தி வெளியே எடுத்தோம். எல்லோரும் சும்மா நின்றோம். ஆபரேஷனில் மிகக் கஷ்டமான வேலை சும்மா நிற்பதுதான், தம்பிகளா. கை எதையாவது செய்யத் துடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு எழுந்தது. முழுசாக இல்லை, பாதி.

கார்த்திக் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், திரும்பி வந்துடுச்சு. இடம் பக்கத்துலதான். சட்டுனு உள்ள போய் வெச்சுட்டு வந்துடலாம். இந்த மூணாவது இல்லன்னா முதுகு நிமிராது சார். அப்புறம் நீளக் கம்பிதான் போடணும். அவர் கேட்டது கிடைக்காது."

அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அதுதான் என் கழுத்தைப் பிடித்தது. பேராசைக்காரன் மட்டும்தான் தப்பு செய்வான் என்று நினைக்காதீர்கள். நோயாளி மேல் வைத்த பாசமும் தப்பு செய்யச் சொல்லும். அந்த மூன்றாவது முட்டு பாயுடைய சஜ்தா. அதை எப்படியாவது கொடுத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அதற்காக அவருடைய காலைப் பந்தயம் கட்ட நான் யார்? கால் செயலிழந்தவன் நிற்கவும் முடியாது, குனியவும் முடியாது.

"தையல் போடு," என்றேன்.

மேடம் முகக்கவசத்துக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மயக்கம் தெளிகிற நேரம் இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்காதே என்று வேண்டிக்கொள்வேன். "பாய், இடது காலத் தூக்குங்க." அசைவில்லை. "பாய், முட்டிய நீட்டுங்க. காதர் பாய்!" கண்ணைத் திறந்தார், மூடிக்கொண்டார். மேடம் குனிந்து அவர் காதருகே சாதாரணமாகச் சொன்னார். "பாய், டாக்டரை ஒரு உதை விடுங்க."

விட்டார். இடது காலால். என் கையில் வசமாகப் பட்டது. "இதுக்கு ஏன் டாக்டர் இப்படிக் கத்தறீங்க," என்று முனகினார். அந்த நேரத்தில் எனக்கு அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. தொடையில் கொஞ்சம் மரமரப்பு இருந்தது, நாளடைவில் அதுவும் போய்விட்டது.

வெளியே ஜமீலா சுவரோரமாக நின்றிருந்தார். ஆபரேஷன் எப்படி என்று கேட்கவில்லை. "கால் கீதா டாக்டர்?" என்றார். "கீதும்மா, உதைக்கற அளவுக்குக் கீது," என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது முட்டு வைக்க முடியாமல் போனதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். சொல்லுங்கள், எப்போதும் சொல்லிவிடுங்கள். நடக்க ஆரம்பித்ததும் பாயை அதே டீக்கடைக்கு அனுப்பினேன். இடுப்பில் பெல்ட், பக்கத்தில் கார்த்திக். நான் ஜன்னலில் நின்றுகொண்டு பார்த்தேன். சுவரைப் பிடிக்காமல் போனார். திரும்பி வரும்போது மட்டும் ஒரு தடவை பிடித்தார். அப்படியே எக்ஸ்ரே அறைக்குள் அனுப்பினோம்.

நன்றாகவே நிமிர்ந்திருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் கேட்கிற அளவுக்கு இல்லை. திரையில் சிவப்புக் கோடு போட்டு, இன்னும் இவ்வளவு பாக்கி என்று காட்டிற்று.

"நீளமா போட்டுடலாம் சார்," என்றான் கார்த்திக். "இப்ப குட்டையா போட்டு, கொஞ்ச வருஷத்துல மேல இருக்கற எலும்பு சாஞ்சுடுச்சுன்னா? மறுபடி திறக்கணும். அப்ப அவருக்கு வயசும் ஏறியிருக்கும்."

"நீ சொல்றது தப்பில்ல," என்றேன். உண்மையிலேயே தப்பில்லைதான். அந்தச் சிவப்புக் கோட்டை நானும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதானவர் முதுகு இருபது வயதுக்காரன் முதுகு மாதிரி நிற்க வேண்டுமா என்ன? நான் அந்த எக்ஸ்ரே முன்னால் நின்றாலும் எனக்கும் அந்தக் கோடு சிவப்பாகத்தான் வரும். ஆனாலும் அது என் முதுகு இல்லையே. கார்த்திக்கையும் அழைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அவன் கருத்தை அவனையே சொல்லச் சொன்னேன். என் கருத்தை நான் சொன்னேன்.

பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டுல எதைப் பண்ணா நான் தரையத் தொடலாம்?"

"சின்னதுல. தொடலாம்னு நெனைக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தத் தம்பி சொல்ற மாதிரி பிற்பாடு மேல எலும்பு சாஞ்சா, திரும்ப வர வேண்டியிருக்கும்."

பாய் மனைவியைப் பார்த்தார். ஜமீலா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "திரும்ப வரணும்னா வந்துட்டுப் போறோம். செங்கல்பட்டுலருந்து மகாபலிபுரத்துக்கு பஸ் ஓடிக்கினுதான இருக்கப் போவுது?"

குட்டைக் கம்பி போட்டோம். தோலில் சின்னச் சின்னத் துளைகள், அதன் வழியாக ஸ்க்ரூ. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றும் சொல்ல இல்லாத ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷன்.

பிறகுதான் நீண்ட காத்திருப்பு. கம்பி எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் எலும்பு எலும்பைப் பிடிக்க மாதக்கணக்காகும். அதுவரை குனியவே கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். பாய் தன் கடையில் தைத்த ஒரு நல்ல மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை வரும்போதும், நேராக நடந்து உள்ளே வந்து, "இன்னிக்காவது?" என்பார். "இல்ல," என்பேன். "ரொம்பப் பேஜாரு டாக்டர் நீங்க," என்று சொல்லிவிட்டு நேராக நடந்து போய்விடுவார். அவர் நடையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அவர் கேட்டதில் பாதியைத்தானே கொடுத்திருக்கிறேன் என்று உள்ளே அரித்துக்கொண்டும் இருக்கும்.

கடைசியாக ஒரு நாள் ஸ்கேனில் எலும்பு சேர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. நண்பகல் தாண்டியிருந்தது. அறையில் பாய், ஜமீலா, நான், கார்த்திக்.

"இனிமே குனியலாம் பாய். அவசரப்படாதீங்க. வூட்டுக்குப் போய், கட்டிலைப் புடிச்சிக்கினு, கொஞ்சம் கொஞ்சமா..."

அவர் நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. "மேற்கு எந்தப் பக்கம் டாக்டர்?"

"கடலுக்கு முதுகு காட்டினா மேற்கு. ஏன்?"

"லுஹர் தொழுவுற நேரம். கை கால் கழுவி ஒளு பண்ணிட்டுத்தான் வந்தேன்."

வந்ததே அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜமீலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கார்த்திக் ஓடிப்போய்த் துவைத்த பச்சைத் துணி ஒன்றை எடுத்துவந்து தரையில் விரித்தான்.

பாய் நின்றார். நேராக நின்றார். கைகட்டி நின்ற அந்த நிலையை நான் எந்த எக்ஸ்ரேயிலும் பார்த்ததில்லை. குனிந்து முழங்காலில் கை வைத்தார். நிமிர்ந்தார். பிறகு இறங்க ஆரம்பித்தார். முழங்கால், கை, பிறகு மெதுவாக, மெதுவாக, நெற்றி. பச்சைத் துணியில் பட்டுவிட்டது. கார்த்திக் மூச்சை விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆனால் எழுந்திருக்கவில்லை.

காத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. ஸ்க்ரூ கழன்றுவிட்டதா, பிடித்துக்கொண்டதா, நரம்பு நசுங்கிவிட்டதா, என்னென்னவோ ஓடியது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மேஜையைச் சுற்றி ஓடிப்போய் அவருக்கு இடப்பக்கம் தரையில் தொப்பென்று உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தேன். "பாய்? பாய்! வலிக்குதா? வாயத் திறந்து சொல்லுங்க!"

"கூப்புடாதீங்க டாக்டர்," என்றார் ஜமீலா. அழுதுகொண்டே சிரித்தார். "தொழுகையில கீறாரு. பேச மாட்டாரு."

அவர் கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வலிக்கிற முகம் இல்லை அது. எத்தனையோ வலிக்கிற முகம் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். பிறகு சாவகாசமாகத் தலையைத் தூக்கி உட்கார்ந்தார். மறுபடி இறங்கினார். மறுபடி எழுந்தார். தொழுகை முழுவதையும் நான் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். கடைசியில் வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னார், பிறகு இடப்பக்கம். இடப்பக்கம் நான்தான் இருந்தேன்.

"இன்னா பாய், முதல் தடவை அவ்வளவு நேரம்? எனக்கு உயிரே போச்சு!"

"ரொம்ப நாள் கழிச்சிப் போயிருக்கேன் டாக்டர். பேச வேண்டியது நெறைய இருந்துச்சி."

சொல்லிவிட்டு ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து, யாரையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றார். நானும் எழுந்திருக்கப் பார்த்தேன். வரவில்லை. என் முட்டிகள் எப்போதோ போய்விட்ட கேஸ், பதற்றத்தில் அது மறந்துபோயிருந்தது. நாற்காலிக் காலைப் பிடித்தேன், அது வழுக்கிக்கொண்டு போயிற்று. பாய் கையை நீட்டினார். "தூக்காதீங்க! எடை தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?" என்று அந்த நிலையிலும் கத்தினேன். கார்த்திக் சிரிப்பை அடக்க முடியாமல் என் கக்கத்தில் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

பாய் கம்பீரமாக நின்றுகொண்டு, மேலிருந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தரையில உங்களுக்கு இன்னா வேலை, டாக்டர்?"